வேலையிழந்த தொழில்வல்லாரும் அரசாங்க உதவியும்

உழைப்பைத் தவிர வேறு முதல் இல்லாதவனுக்கு வேலை போதல் பெருந்துன்பம். பல்லாண்டு பயின்று கைத்திறன் பெற்றவனுக்கோ அஃது இருமடங்கு துன்பமாம். கூலி போவதோடு, கற்ற வித்தையும் விலைபோகாப் பொருளாகிவிடுகின்றது. இத்தகையோர்க்கு நம் தேசத்தில் ஏற்பட்டுள்ள உதவிகள் யாவை, அவை எவரைச் சென்றடைகின்றன என்பதைச் சுருங்கக் கூறுவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

கோயம்புத்தூரில் 1888-ஆம் ஆண்டில் ஸ்டேன்ஸ் ஆலை தோன்றிற்று. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. அவற்றோடு பிட்டரும் மேஸ்திரியும் எஞ்சினியரும் பெருகினர். பிற்காலத்தில் ஆலைகள் பல நலிந்தபோது இவர்களுடைய கதி யாதாகும் என்னும் கேள்வி எழுந்தது.

முதலாவது, 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்திற்கு 1953-இல் செய்யப்பட்ட திருத்தம். ஓராண்டு தொடர்ந்து உழைத்தவனை ஆட்குறைப்பில் நீக்குவதாயின், ஒரு மாத அறிவிப்பும், ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாட் சம்பளமும் தருதல் வேண்டும் என்று அது விதித்தது. இஃது அரசாங்கம் ஈந்த பணமன்று. முதலாளி மீது சுமத்திய கடமை.

இரண்டாவது, 1986-இல் ஏற்பட்ட ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதி. மூடப்பட்ட தனியார் ஆலைத் தொழிலாளர்க்கு இது முதலாண்டில் சம்பளத்தின் 75 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 50 சதவீதமும், மூன்றாம் ஆண்டில் 25 சதவீதமும் அளித்தது. படிப்படியாகக் குறைத்ததன் கருத்து, அதற்குள் அவன் வேறு தொழில் தேடிக்கொள்ளல் வேண்டும் என்பதே.

மூன்றாவது, 1992-இல் அமைந்த தேசியப் புதுப்பிப்பு நிதி. புதுத்தொழில் கற்பித்தல் அதன் நோக்கங்களுள் ஒன்று. எனினும் பணத்தின் பெரும்பகுதி தாமே விலகுவோர்க்குரிய தொகையாகவே செலவாயிற்று.

நான்காவது, தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டத்தின்கீழ் 2005-இல் தொடங்கிய வேலையின்மைப் படி. ஐந்தாவது, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு. இதன்படி, நீக்கப்படுவோன் மறுபயிற்சி பெறும்பொருட்டு, முதலாளி பதினைந்து நாட் சம்பளத்தைத் தனி நிதியிற் செலுத்துதல் வேண்டும். அத்தொகை 45 நாட்களுக்குள் தொழிலாளியின் கணக்கிற் சேர்தல் வேண்டும்.

இனி வெள்ளகோவிலை நோக்குவோம். விசைத்தறியில் படுக்கை விரிப்பு நெய்யும் ஊர் இது. நாடாத் தறியின் ஓசை சற்றே மாறிய மாத்திரத்தில் பழுது எங்குள்ளது என்று அறிவான் தேர்ந்த மேஸ்திரி. நாடாவில்லாத் தறி வந்துவிடின் அவ்வறிவிற் பெரும்பகுதி பயனற்றுப் போம். ஆயினும் பத்துப் பேருக்குக் குறைவானோர் உழைக்கும் கொட்டகை பொதுவாக ஈட்டுறுதிச் சட்டத்திற்குப் புறம்பானது. ஆதலின் அப்படி அவனுக்கு எட்டாது. மற்றொரு புறம், 2017-இல் ஈட்டுறுதிக்குரிய மாதச் சம்பள வரம்பு ரூ.21,000 என்று வைக்கப்பட்டமையால், அதற்கு மேற்பட்ட சம்பளத்தில் வேலைக்கமர்ந்த எஞ்சினியரும் விலக்கப்பட்டார். இவ்வாறு கீழ்ப்படியில் நிற்பவனும் மேற்படியில் நிற்பவனும் ஒருங்கே விடுபடுகின்றனர்.

இதனால் விளங்குவது யாது? பதிவேட்டில் பெயருள்ளவனையே சட்டம் காணும். ஆதலின் தொழிலாளி தன் ஈட்டுறுதி எண்ணையும் சம்பளச் சீட்டுகளையும் பேணிக் காத்தல் வேண்டும். பதினைந்து நாட் சம்பளத்தைக்கொண்டு ஒருவன் புதுவித்தை கற்றுவிடுவான் என்று எண்ணுவதும் பொருந்தாது. பயிற்சி என்பது வேலை போனபின் அன்று, புதிய இயந்திரம் வாங்கும்போதே தொடங்கற்பாலது. நாளை எஞ்சினியராகவும் ஆலை நடத்துவோராகவும் விளங்கப்போகும் மாணவ நண்பர்கள், இயந்திரத்தின் விலையைக் கணக்கிடுங்கால் அதனை இயக்கும் மனிதனுக்குரிய பயிற்சிச் செலவையும் சேர்த்தே கணக்கிடுவார்களாக.