ஐம்பத்தேழு ஆடுகள், ஒரு குட்டி

ஸ்பெயினின் பைரனீஸ் மலைகளில் வாழ்ந்த புகார்தோ என்னும் மலையாட்டினத்தின் கடைசிப் பெண்ணாடான செலியா, 2000 ஜனவரியில் முறிந்து விழுந்த மரத்தடியில் நசுங்கி இறந்தது. ஆயினும் அதன் காதிலிருந்து முந்தைய ஆண்டே எடுக்கப்பட்ட திசு திரவ நைட்ரஜனில் உறைநிலையில் இருந்ததால், அழிந்த இனத்தைக் குளோனிங் வழியே மீட்கும் முயற்சி தொடங்கியது.

குளோனிங் என்பது, ஒரு கருமுட்டையிலிருந்து மரபுப்பொருள் அடங்கிய உட்கருவை அகற்றி, நகலெடுக்க வேண்டிய விலங்கின் உடற்செல்லை அதனோடு மின்துடிப்பால் இணைத்து, உருவாகும் கருவை வேறொரு பெண் விலங்கின் கருப்பையில் வளர்ப்பதாகும். ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிலையத்தில் 1996இல் டாலி என்ற குளோன் செம்மறியாடு பிறந்தபோது, அவ்வாறு இணைத்த 277 முட்டைகளில் ஒன்றே குட்டியாயிற்று. உடற்செல்லில் அதற்குத் தேவைப்படாத மரபணுக்கள் வேதிக் குறிகளால் அடைத்துவைக்கப்பட்டிருக்கின்றன. அக்குறிகளைக் கருமுட்டை குறுகிய நேரத்துக்குள் அழித்து, செல்லைக் கருவின் தொடக்கநிலைக்குத் திருப்ப வேண்டியிருக்கிறது. அவ்வேலை அரைகுறையாக முடிந்தால் நஞ்சுக்கொடி சரியாக அமைவதில்லை, கரு அளவுமீறிப் பெருக்கிறது, உள்ளுறுப்புகள் பழுதுபடுகின்றன.

செலியாவின் செல்களை வீட்டு ஆடுகளின் முட்டைகளில் இணைத்து உருவாக்கிய கருக்கள் 57 பெண்ணாடுகளுக்குள் வைக்கப்பட்டன. ஏழு சினைப்பட்டன, ஆறு சினைகள் கலைந்தன. 2003 ஜூலையில் அறுவை மூலம் எடுக்கப்பட்ட ஒரே குட்டி, நாக்கு வெளித்தள்ள மூச்சுக்குத் திணறிச் சில நிமிடங்களில் இறந்தது. அதன் இடது நுரையீரலில் கெட்டியான கூடுதல் மடலொன்று வளர்ந்திருந்தது. அது பிழைத்திருந்தாலும் இணைசேர ஓர் ஆண் உலகில் இல்லை என்பதால், இனம் திரும்பிவந்ததாகச் சொல்ல இடமிருந்திருக்காது.

இந்த முயற்சியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்தக் குட்டியோடு நின்றுவிடுவது வருந்தத்தக்கது. ஊசிகளையும் அறுவைகளையும் கருச்சிதைவுகளையும் தாங்கியவை அந்தப் பெண்ணாடுகள். அறவிசாரணை தொடங்க வேண்டிய இடமும் அவையே. தென்கொரியாவில் 2005இல் ஸ்னப்பி என்ற முதல் குளோன் நாய்க்காக 123 நாய்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருக்கள் வைக்கப்பட்டன. பிறந்தவை இரண்டு, அவற்றிலும் ஒன்று மூன்று வாரங்களில் நிமோனியாவால் இறந்தது. இறந்த செல்லப்பிராணிக்கு மாற்றாக இன்று பணத்துக்குக் குளோன் செய்துதரும் தொழிலை, முன்பைவிடத் தேர்ச்சி கூடியிருப்பினும், ஏற்க இயலாது. உரிமையாளரின் துயரைத் தணிக்க, அதில் எந்தப் பங்கும் இல்லாத வேறு நாய்களின் உடல்கள் பயன்படுத்தப்படுகின்றன.

அமெரிக்காவின் கருங்கால் ஃபெரட் என்ற, கீரியை ஒத்த சிறு விலங்கின் நிலை வேறு. இன்றுள்ளவை அனைத்தும் ஏழே மூதாதைகளின் வழிவந்தவை என்பதால் மரபு வேறுபாடு மிகக் குறைந்துவிட்டது. அந்த எழுவரில் சேராத, வாரிசற்று இறந்த வில்லா என்பதன் செல்கள் 1988 முதல் சான் டியாகோவில் உறைநிலையில் காக்கப்பட்டன. அவற்றிலிருந்து 2020இல் எலிசபெத் ஆன் பிறந்தது. அதே செல்வழியில் வந்த அன்டோனியா 2024இல் இயற்கையாக இணைசேர்ந்து குட்டி ஈன்றது. இழந்த மரபுவளம் உயிருள்ள கூட்டத்துக்குள் திரும்ப இங்கே வழியிருக்கிறது என்பதாலேயே இம்முயற்சியை ஆதரிக்கத் தோன்றுகிறது. எனினும் இவ்விலங்கையும் அதன் இரையான புல்வெளி நாய் எனப்படும் கொறிணியையும் கொல்லும் பிளேக் நோய் இன்னும் ஓயவில்லை; வளைகளில் அந்நோயைப் பரப்பும் தெள்ளுக்கு மருந்து தூவுவதும், ஃபெரட்டுகளைப் பிடித்துத் தடுப்பூசி போடுவதும் களப்பணியாளர்களின் வேலையாகத் தொடர்கின்றன.