குறுகிய தெருவும் கோடை வெயிலும்

அகமதாபாத்தின் பழைய நகரத்துக்குள் முதன்முறையாகச் செல்பவர், ‘இவ்வளவு நெருக்கமாகவா வீடு கட்டுவார்கள்?’ என்றுதான் கேட்பார். சபர்மதி ஆற்றின் கீழ்க்கரையில் சுல்தான் அகமது ஷா 1411ஆம் ஆண்டில் நிறுவிய நகரம் அது. அதன் குடியிருப்புகளுக்குப் ‘போள்’ என்று பெயர். ஒரு வாயில், அதனுள் வளைந்து வளைந்து செல்லும் சந்து, இருபுறமும் சுவரோடு சுவர் ஒட்டிய மாடி வீடுகள். 2017இல் இப்பழைய நகரத்தை யுனெஸ்கோ உலக மரபு நகரமாக ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் இச்சிறப்பைப் பெற்ற முதல் நகரம் இதுவே.

கலைச்சிறப்பை மற்றவர்கள் எழுதட்டும். இந்த நெருக்கத்துக்குள் அடங்கியுள்ள பௌதிகத்தை நாம் பார்ப்போம்.

அகமதாபாத் ஏறத்தாழக் கடகரேகையின் மீதே உள்ளது. எனவே ஜூன் மாத நண்பகலில் சூரியன் அங்கே உச்சந்தலைக்கு நேராக நிற்கும். வடக்கு தெற்காகச் செல்லும் ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். அகலம் 3 மீட்டர், இருபுற வீடுகளின் உயரம் 9 மீட்டர் என்க. சூரியன் உச்சியிலிருந்து சுமார் 18 டிகிரிக்கு மேல் சாய்ந்துவிட்டால், சுவரின் நிழல் தரை முழுவதையும் மூடிவிடும். கணக்கிட்டுப் பார்த்தால், நாள் முழுவதிலும் தரையில் வெயில் விழும் நேரம் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணிதான். அதே வீடுகளுக்கிடையே தெரு 15 மீட்டர் அகலமாக இருந்தால் அந்நேரம் ஒன்பது மணியை நெருங்கும். நிழலைத் தீர்மானிப்பது உயரமோ அகலமோ தனியாக அன்று, இரண்டின் விகிதம்தான்.

கிழக்கு மேற்காகச் செல்லும் தெருவில் இக்கணக்கு பலிக்காது. கோடைச் சூரியன் அத்தெருவின் நீளவாக்கிலேயே நகர்வதால், பகலின் பெரும்பகுதி வெயில் உள்ளே இறங்கும். வெளியே நீண்டிருக்கும் மேல்மாடிகளும் தெருவின் வளைவுகளும் அங்கே ஓரளவு கைகொடுக்கின்றன.

அடுத்து, சுவர். ஒன்றரை அடி கனமுள்ள செங்கற்சுவரின் வெளிப்புறத்தில் ஏறும் வெப்பம் உட்புறத்தை எட்ட அரை நாளுக்கு மேல் ஆகும். வந்து சேரும்போது அதன் ஏற்ற இறக்கமும் பெரிதும் தணிந்திருக்கும். நான்கு அங்குலக் கான்கிரீட் தளத்தில் இந்தத் தாமதம் சில மணி நேரமே. மாடியின் கீழ் அறையில் மாலையில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

ஆனால் குறுகிய தெருவுக்கு ஒரு குறையும் உண்டு. பகலில் ஏறிய வெப்பம் இரவில் அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கிச் செல்ல வேண்டும். நம் 3 மீட்டர்த் தெருவின் நடுத்தரையிலிருந்து புறப்படும் கதிர்களில் ஆறில் ஒரு பங்குதான் நேராக வானத்தை அடையும். மீதி சுவர்களில் சிக்கிக்கொள்ளும். 15 மீட்டர்த் தெருவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தப்பிவிடும். ஆகவே போளின் சந்து பகலில் குளிர்ச்சி, இரவில் புழுக்கம். இதை ஈடுசெய்யவே வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றமும், படுத்துறங்க மொட்டை மாடியும் உதவின. முற்றத்தின் அடியில் மழைநீர் சேமிக்கும் ‘டாங்கா’ என்னும் தொட்டியும் பல வீடுகளில் உண்டு.

இதெல்லாம் வெறும் வசதி பற்றிய பேச்சன்று. 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அம்மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என்று பின்னர் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. 2013இல் மாநகராட்சி வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. முன்னெச்சரிக்கை, குடிநீர், மருத்துவமனை ஆயத்தம் ஆகியவை அதில் அடங்கும். கூரைகளுக்கு வெள்ளை பூசும் முயற்சியும் பின்னர்ச் சேர்ந்தது. வெள்ளைப் பூச்சு, வெயிலைத் திருப்பி அனுப்பும்; போளின் சந்தோ அதை உள்ளேயே விடுவதில்லை.

இப்போது அச்சந்துகளில் குளிரூட்டிகள் பொருத்தப்படுகின்றன. அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு, தாம் செலவிட்ட மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து அவை தெருவில் கொட்டுகின்றன. வெப்பம் வெளியேற வழியற்ற தெருவில் இதன் விளைவை ஊகிக்கலாம். பழைய வீடு ஒன்றை இடித்தால் சேதம் அந்த மனையோடு நிற்பதும் இல்லை. அதுவரை வெயிலையே காணாத பக்கத்து வீட்டுச் சுவர் திறந்து நிற்கிறது. எதிர்வீட்டு வாசல் நிழலை இழக்கிறது. இடிப்பதற்கு அனுமதி வழங்கும்போது, அந்த இரண்டு வீடுகளில் ஏறப்போகும் வெப்பத்தையும் கணக்கிடுவது கடினமான வேலையன்று. ஓர் அளவுநாடாவும் கோண அட்டவணையும் போதும்.