சம்ப் தண்ணீரை ஏற்றும் மோட்டார், போர் தண்ணீரை ஏன் ஏற்றுவதில்லை?

வேலம்பாளையத்தில் உங்கள் வீட்டு மோட்டாரின் காயில் எரிந்துவிட்டது என்று வையுங்கள். புதிதாக வாங்கப் போனால் எல்லோரும் கேட்பது, "எத்தனை ஹெச்.பி.?" நான் முதலில் கேட்பேன்: தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது?

இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சும்போது என்ன நடக்கிறது? நீங்கள் எடுப்பது ஸ்ட்ராவுக்குள் இருக்கும் காற்றை. இளநீரை மேலே தள்ளுவதோ, அதை அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று!

தரையில் வைக்கும் மோனோபிளாக்கும் அப்படித்தான். உள்ளே இருக்கும் இம்பெல்லர் என்ற சக்கரம் சுழன்று நடுவில் அழுத்தத்தைக் குறைக்கும். சம்ப்பின் மேலுள்ள காற்று தண்ணீரைத் தள்ளிவிடும். ஆனால் காற்றின் பலம் அவ்வளவுதான்: கடல்மட்டத்தில் சுமார் 34 அடி. இத்தாலியின் டாரிசெல்லி 1640களிலேயே இதை விளக்கிவிட்டார். குழாய் உரசலையும் பிறவற்றையும் கழித்தால் நடைமுறையில் 25 அடி தேறும். 10 ஹெச்.பி. வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. பத்தடி சம்ப்புக்கு மோனோபிளாக் தாராளம்.

பல நூறு அடி போர் என்றால்? சப்மர்சிபிளை நீருக்குள்ளேயே இறக்குகிறோம். அது உறிஞ்சுவதில்லை, கீழிருந்து தள்ளுகிறது. அடுக்கடுக்கான இம்பெல்லர்கள் ஒவ்வொன்றும் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

எந்த மோட்டார் வாங்கினாலும், அதன் பெயர்ப்பலகையில் 'ஹெட்' என்று மீட்டரில் போட்டிருப்பதைப் பாருங்கள். தண்ணீர் மட்டத்திலிருந்து மாடித் தொட்டி வரையான உயரத்தோடு, குழாய் வளைவுகளுக்கும் கொஞ்சம் சேர்த்துப் பொருத்துங்கள். 'பெரிசா இருந்தா நல்லதுதானே' என்று மிக அதிக ஹெட் உள்ள மோனோபிளாக்கைத் தாழ்ந்த தொட்டிக்கு மாட்டினால், அது அளவுக்கு மீறித் தண்ணீரை அள்ளும். கரண்டும் கூடுதலாக இழுக்கும். புதுக் காயிலும் சூடாகும்.