தாம்பரம் வட்டாரத்தில் தனியாரிடையே துப்பாக்கிக் கைமாற்றம்: படைக்கலச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவும் எல்லை மாற்றங்களும்

ஆய்வுச் சுருக்கம்

உரிமம் பெற்ற துப்பாக்கியை வணிகர் அல்லாத ஒருவர் மற்றொருவருக்கு விற்பதை இந்தியச் சட்டம் தடை செய்யவில்லை. அறிவிப்பாலும் காலவரையறையாலும் கட்டுப்படுத்துகிறது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவு வகுக்கும் நெறியையும், காவல், வருவாய் எல்லைகள் பலமுறை மாறிய தாம்பரம் வட்டாரத்தில் அந்நெறி எதிர்கொள்ளும் சிக்கல்களையும், உரிமதாரர் இறந்தபின் குடும்பத்தார்க்கு நேரும் நிலையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: படைக்கலச் சட்டம், உரிமம், கைமாற்றம், வாரிசுரிமை, தாம்பரம் மாநகரக் காவல்.

முன்னுரை

தமிழ் நாளிதழ்களில் 'ஆயுதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு' என்னும் தொடர் வேரூன்றிவிட்டது. அச்சட்டத்தின் பெயரில் தடை என்னும் சொல்லே இல்லை. அது படைக்கலங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம். இதனைச் சொல்லாராய்ச்சியாக மட்டும் கருதுவதற்கில்லை. தடை என்றே எண்ணிப் பழகியவர், சட்டம் திறந்து வைத்துள்ள வழியை அறியாமலே துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி வைக்கிறார். அல்லது வாய்மொழியாகக் கைமாற்றிவிடுகிறார். இரண்டும் அவரைக் குற்றவாளியாக்கக் கூடியவை.

1878ஆம் ஆண்டின் பழைய சட்டம் ஆள்வோரின் அச்சத்தில் பிறந்தது. அதன் விதிகள் ஐரோப்பியர்க்கு விலக்களித்து, இந்தியரை உரிமத்திற்கு உட்படுத்தின. விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. உரிமம் என்னும் அடிப்படையை நீக்கவில்லை. அமெரிக்க ஒன்றியச் சட்டத்தோடு ஒப்பிட்டால் இதன் இயல்பு தெளிவாகும். அங்கு 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டம் வாங்குவோரின் பின்னணியை ஆராயும் கடமையை உரிமம் பெற்ற வணிகர்மீது சுமத்தியது. வணிகர் அல்லாத தனியார் விற்பனை, மாநிலச் சட்டம் தலையிட்டாலன்றி, அக்கடமைக்கு வெளியே நின்றது. இந்தியாவிலோ கட்டுப்பாடு விற்பவரின் தொழிலைப் பொறுத்ததன்று. துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவர்க்கு உரிமம் வேண்டும் என்பதே 3ஆம் பிரிவு.

5(2)ஆம் பிரிவு கூறும் நெறி

5ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, உரிமமின்றிப் படைக்கலம் செய்வதையும் விற்பதையும் விலக்குகிறது. இரண்டாம் உட்பிரிவு அதற்கு ஒரு விதிவிலக்கு. தம் சொந்தப் பயன்பாட்டிற்காகச் சட்டப்படி வைத்திருக்கும் படைக்கலத்தை, அதனை வைத்திருக்கத் தகுதியுடைய மற்றொருவர்க்கு வணிக உரிமம் இல்லாமலேயே ஒருவர் விற்கலாம். இதற்கு இரு நிபந்தனைகள் உண்டு. விற்கும் எண்ணத்தையும் வாங்குவோரின் பெயர், முகவரியையும் மாவட்ட நடுவர்க்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அலுவலர்க்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்; தெரிவித்தபின் 45 நாள்களுக்குக் குறையாத காலம் கழிய வேண்டும்.

இப்பிரிவு 'அனுமதி' என்று கூறவில்லை, 'அறிவிப்பு' என்றே கூறுகிறது. 45 நாள்கள் அலுவலகம் மௌனமாக இருந்தால் விற்பவர் தரப்புக் கடமை முடிந்துவிடுகிறது. எனினும் எழுத்துவழி ஆணையைக் கேட்டுப் பெறும் வழக்கமும் உண்டு; விற்பவர்க்கு அது பாதுகாப்பானதே. ஆணை கிட்டாவிடினும், நாளும் முத்திரையும் இட்ட ஒப்புகை நகல் ஒன்று கையில் இருத்தல் இன்றியமையாதது. நாற்பத்தைந்து நாள் எப்போது தொடங்கியது என்பதற்கு வேறு சான்று இராது.

வாங்குவோர் தரப்பில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. அவர் 21 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும். வன்முறைக் குற்றத்திற்காகவோ ஒழுக்கக்கேடான குற்றத்திற்காகவோ தண்டனை பெற்றவராயின், தண்டனை முடிந்து ஐந்தாண்டு கழிந்திருக்க வேண்டும். அவரது உரிமம் அந்த வகைத் துப்பாக்கிக்கு உரியதாகவும் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். இத்தகுதியை முன்கூட்டி உறுதி செய்யாமல் துப்பாக்கியை ஒப்படைப்பதையே 29ஆம் பிரிவு தனிக் குற்றமாக்குகிறது. 'அவர் உரிமம் இருப்பதாகச் சொன்னார்' என்பது விடையாகாது. 1983ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர்க்கு மூன்று துப்பாக்கி என வரம்பிட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இரண்டாகக் குறைத்தது. ஆகவே ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர் மூன்றாவதை வாங்க இயலாது.

தண்டனையையும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கடுமையாக்கியது. 5ஆம் பிரிவை மீறிய விற்பனைக்கு ஏழாண்டுக்குக் குறையாத, ஆயுள் வரை நீளக்கூடிய சிறை. உரிமமின்றி வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் இரண்டாண்டுக்குக் குறையாத, ஐந்தாண்டு வரை நீளக்கூடிய சிறை. கள்ளச் சந்தையைக் குறிவைத்த இத்தண்டனை, நாற்பத்தைந்து நாள் காத்திராத ஓய்வூதியரையும் அதே பிரிவின்கீழ்க் கொண்டுவரக் கூடும் என்பது இக்கட்டுரையாசிரியரின் கவலை. கள்ளத்தனமான விற்பனையையும் நடைமுறைப் பிழையையும் சட்டம் வேறுபடுத்தியிருக்க வேண்டும்.

பணம் எப்போது கைமாறலாம் என்பது அடுத்த வினா. 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, நிபந்தனை நிறைவேறியபின் உரிமை மாறும் என்னும் உடன்பாடு 'விற்பதற்கான உடன்பாடு' மட்டுமே. அது விற்பனை ஆகாது. எனவே முன்பணம் பெற்று, காலம் கழிந்தபின் துப்பாக்கியை ஒப்படைப்பதாக எழுதிக்கொள்வதில் பிழையில்லை. அவ்வாறன்றி உரிமமற்றவர்க்கு விற்ற உடன்பாடு, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படிச் செல்லாது. கொடுத்த பணத்தைக் கேட்டு நீதிமன்றம் செல்வோர் தம் குற்றத்தைத் தாமே ஒப்புக்கொண்டவராவார்.

எந்த அலுவலகம்?

சட்டம் கூறும் 'மாவட்ட நடுவர்' பொதுவாக ஆட்சியரே. ஆயினும் 2ஆம் பிரிவின் வரையறைப்படி, காவல் ஆணையர் நியமிக்கப்பட்ட பகுதியில் அச்சொல் ஆணையரையே குறிக்கும். சென்னையின் தென்புறநகரில் இவ்வரையறை எளிய செய்தியன்று.

சேலையூரில் 1990ஆம் ஆண்டு முதல் ஒரே வீட்டில் வாழும் ஓர் உரிமதாரரை எடுத்துக்கொள்வோம். அன்று அவ்வூர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997இல் அது பிரிக்கப்பட்டதும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அடங்கியது. 2008இல் சென்னைப் புறநகர்க் காவல் ஆணையரகம் தோன்றியது. 2011இல் அது சென்னை மாநகரக் காவலோடு இணைந்தது. 2019 நவம்பரில் புதிய செங்கல்பட்டு மாவட்டம் உருவானது. 2022 ஜனவரி 1ஆம் நாள் தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் தொடங்கப்பட்டது. துப்பாக்கி இருந்த இடத்திலேயே இருக்க, அதற்குப் பொறுப்பான அலுவலகம் மாறிக்கொண்டே வந்துள்ளது. அவரது பழைய உரிம ஏட்டின் பக்கங்களில் வெவ்வேறு அலுவலக முத்திரைகளைக் காண நேர்ந்தால் வியப்பதற்கில்லை.

சோழிங்கநல்லூரின் நிலை இன்னும் விந்தையானது. 2018இல் அவ்வட்டம் வருவாய்த் துறையில் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தது. காவலிலோ தாம்பரத்தின்கீழ் உள்ளது. வேளச்சேரி இரண்டிலும் சென்னையே. ஆகவே சேலையூர்க்காரர் வேளச்சேரிக்காரர்க்கு விற்க முற்பட்டால், சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இரு ஆணையரகங்கள் தொடர்புறுகின்றன. அருகிலுள்ள காவல் நிலையத்தில் அறிவித்தாலே போதும் எனப் பிரிவு கூறினும், ஆணையரகத்திற்கும் ஒரு படி அனுப்புதல் நன்று. உரிம ஏட்டில் துப்பாக்கிப் பதிவு நீக்கப்பட வேண்டிய இடம் அதுவே.

வேளச்சேரிக்காரர்க்கு உரிமமே இல்லை, இனித்தான் பெற வேண்டும் என்றால் ஆய்வாளர் பலரும் கவனியாத மற்றொரு சட்டம் குறுக்கிடுகிறது. 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புதிய படைக்கல உரிமம் வழங்கத் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளரின் முன் இசைவைக் கோருகிறது. இப்பிரிவு தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும். கிண்டி தேசியப் பூங்காவின் அவ்வட்டத்திற்குள் வேளச்சேரியும் மடிப்பாக்கமும் பல்லாவரத்தின் பகுதிகளும் விழுகின்றன, தாம்பரம் விழவில்லை. அடுக்குமாடிகளுக்கு நடுவே வாழ்பவர் தம் வீட்டைக் காட்டெல்லை என எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்!

உரிமதாரர் இறந்தபின்

கைமாற்றச் சிக்கல்களில் மிகுதியும் துயரமானது இதுவே. விமானப்படைத் தளமும் பரங்கிமலையில் படை அலுவலர் பயிற்சிக் கழகமும் உள்ள இவ்வட்டாரத்தில், ஓய்வு பெற்ற படைவீரர் இல்லத்துத் துப்பாக்கி அவர் மறைவுக்குப் பின் மனைவியிடமோ மக்களிடமோ தங்கிவிடுவது இயல்பு. உரிமம் தனிமனிதர்க்கு உரியது; வீட்டுக்கு உரியதன்று. அவர் மறைந்ததும் அத்துப்பாக்கியை வைத்திருத்தல் சட்டப்படியானதாக இராது. உணர்ந்த உடைமையே குற்றமாகும் என உச்ச நீதிமன்றம் குன்வந்த்லால் வழக்கில் (1972) விளக்கியது. பரணில் துப்பாக்கி கிடப்பதே அறியாதவர்க்கு இவ்விளக்கம் துணை நிற்கும். ஆனால் தந்தையின் துப்பாக்கி எந்தப் பேழையில் உள்ளது என்பது பெரும்பாலும் மக்களுக்குத் தெரிந்ததே.

இங்கு 21ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. தேவையற்ற காலத்தாழ்வின்றி அதனைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பதனால் உடைமையுரிமை அழிவதில்லை. 2016ஆம் ஆண்டு விதிகளின் 25ஆம் விதிப்படி வாரிசு உரிமம் பெற்று அதனைத் திரும்பப் பெறலாம். விரும்பாவிடின், தகுதியுடைய ஒருவர்க்கு விற்கச் செய்து அதன் தொகையைப் பெறலாம். விதித்த காலத்திற்குள் இரண்டும் நிகழாவிடின் துப்பாக்கி அரசுடைமையாகும். ஒப்படைத்தாலே போய்விடும் என அஞ்சி ஒளிப்போர்தாம் உண்மையில் அதனை இழக்கின்றனர். மேலும், உரிமதாரர்க்கு 70 வயதானாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அவர் உயிரோடிருக்கும்போதே தாம் குறிக்கும் வாரிசுக்கு மாற்றிட அவ்விதியே இடமளிக்கிறது. முதியோர் இதனைப் பயன்படுத்தினால் பல குடும்பங்கள் காவல் நிலையப் படியேற நேராது.

பழம்பொருளாகிய துப்பாக்கிகள்

வழக்கொழிந்த அமைப்புடையதோ தொன்மை மதிப்புடையதோ பழுதுற்றதோ ஆகி, செப்பனிட்டும் சுடப் பயன்படாத படைக்கலத்திற்கு 45(இ) பிரிவு விலக்களிக்கிறது. பழுதை மட்டும் காட்டி விலக்குக் கோர இயலாது; செப்பனிட்டாலும் சுடாது என்பதே அளவுகோல். சுவரில் தொங்கும் நாட்டுத் துப்பாக்கியின் குழல் திறந்திருந்து, பொறியமைப்பு மட்டும் உடைந்திருந்தால் அது விலக்கில் அடங்காது. இதனைப் பார்வையால் முடிவு செய்ய இயலாது. ஐயம் எழுந்தால் துப்பாக்கியியல் வல்லுநரின் ஆய்வே தீர்க்கும். நூறாண்டு கடந்தவற்றிற்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டமும் பொருந்துவதால், அயல்நாட்டில் வாழும் உறவினர்க்கு அவற்றைத் தனியார் அனுப்பவும் இயலாது. சுடாத துப்பாக்கியை விற்பவரும் அது சுடாது என்பதற்கான சான்றை விற்குமுன் எழுத்தில் பெற்றிருத்தல் வேண்டும். விற்றபின் அதனைச் சோதிக்கக் கொணரும் உரிமை அவரிடம் இராது.