இரண்டடி தூரத்து எழுத்து

டெல்லி சரோஜினி நகர் சந்தையில் ஒரு கடையின் பெயர்ப்பலகையைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்க்க வழியில்லை. சந்து அவ்வளவு ஒடுக்கம். ஞாயிற்றுக்கிழமை மாலையென்றால் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். 'எதை எடுத்தாலும் 200', 'ஒரே விலை', 'மாற்றித் தரப்படாது' என்று எல்லா அறிவிப்பையும் கைக்கெட்டும் தூரத்தில்தான் படிக்கிறோம். இங்கே சின்னதாக ஒரு சைன் போர்டு கடை போட நினைப்பவர், பிரிண்டர்களின் விலையை விசாரிக்கும் முன் இந்தச் சந்தின் அகலத்தை அளந்துகொள்வது நல்லது.

விஷயம் நம் கண்ணில் இருக்கிறது. பத்து மீட்டர் தூரத்தில், 3 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரண்டு புள்ளிகளை நல்ல கண்ணாலும் பிரித்துப் பார்ப்பது கடினம். அரை மீட்டரில் அந்த இடைவெளி 0.15 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ரிங் ரோட்டில் நிற்கும் ஹோர்டிங்கின் பக்கத்தில் போய்ப் பார்த்தால் மணல் தூவியதுபோல் இருக்கும். பஸ்ஸில் போகிறவருக்கு அது வழவழப்பான முகம். அதே மணலைத் துணிக்கடை வாசலில் ஒட்டினால் மலிவான வேலை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

அந்தப் புள்ளியைப் போடுவது பிரிண்டரின் ஹெட். சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கிறது என்று 1880இல் பியர் கியூரியும் அவர் அண்ணன் ழாக்கும் கண்டறிந்தார்கள். அதைத் திருப்பிப் போட்டதுதான் இன்றைய பீசோ ஹெட். மின்சாரம் கொடுத்தால் பீங்கான் போன்ற ஒரு பொருள் சற்றே வளைகிறது. அது தள்ளும் தள்ளில் மைத்துளி நாசிலை விட்டுத் தெறிக்கிறது. நொடிக்குப் பல ஆயிரம் முறை இது நடக்கும். துளியின் அளவைப் பிகோலிட்டரில் சொல்வார்கள். ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஃபிளெக்ஸ் கடைகளில் பெயர்பெற்ற கோனிகா 512 ஹெட்டின் ஒரு வகை 42 பிகோலிட்டர் துளி போடும். அதன் விட்டம் சுமார் 43 மைக்ரான். எப்சன் ஹெட் பொருத்திய ஈகோ சால்வென்ட் மெஷின்களில் நாலைந்து பிகோலிட்டர் துளி சாதாரணம். விட்டம் ஏறத்தாழப் பாதி. பொருளின் மேல் விழுந்ததும் இரண்டுமே பரவும் என்றாலும், வித்தியாசம் அப்படியே நிற்கும்.

வாங்கப் போகிறவருக்கு முதலில் காட்டப்படுவது பத்தடி அகல ஃபிளெக்ஸ் மெஷின்தான். மணிக்கு எத்தனை சதுர அடி என்று விற்பனையாளர் சொல்லும் எண் மயக்கக்கூடியது. ஹெட் ஒரே இடத்தைக் கடந்து அடிக்கும் பாஸ் எண்ணிக்கையைக் குறைத்து, அவசர கதியில் அடித்த கணக்கு அது. மேலும், சதுர அடி விலையில் ஓடுகிற ஃபிளெக்ஸ் தொழிலில் ஏற்கெனவே நெரிசல். நாரைனாவிலும் ஓக்லாவிலும் பெரிய மெஷின் வைத்திருப்பவர்களிடம் ஜாப் ஒர்க்காகக் கொடுத்து வாங்கினாலே போதும். சந்தைக்கடைக்குத் தேவை வினைல் ஸ்டிக்கர், ஸ்டாண்டி, சன்போர்டில் ஒட்டிய விலைப்பலகை, கண்ணாடிக்கு ஒன்-வே விஷன். இதற்கு ஐந்தடி ஈகோ சால்வென்ட் மெஷினும் ஒரு கட்டிங் பிளாட்டரும் போதும் என்பது என் கணிப்பு. பணம் குறைவென்றால் பிளாட்டரை முதலில் வாங்கலாம். நிற வினைலை எழுத்தாக வெட்டி ஒட்டும் வேலைக்கு மையே வேண்டாம்.

ஈகோ என்ற பெயரை நம்பி ஜன்னலில்லாத அறையில் மெஷினை வைக்கக்கூடாது. வாடை குறைவுதான், ஆனால் ஆவி ஆவிதான்; எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம். மையிலுள்ள கரைப்பான் வினைலின் மேற்பரப்பை இளக்கி நிறமியை உள்ளே பிடிக்க வைக்கிறது. முழுதும் வெளியேற ஒரு நாளாவது ஆகும். அதற்குள் லேமினேஷன் போட்டால் ஓரம் சுருளும். அந்தக் காத்திருப்பு வேண்டாதவர்களுக்கு லேடெக்ஸ் இருக்கிறது. நீரை அடிப்படையாகக் கொண்ட மை, சூட்டில் உறையும்; எச்.பி. 2008இல் கொண்டுவந்தது. ஹெட்டை நாமே மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மின்கட்டணம் கூடும். யூ.வி. மெஷின் சன்போர்டிலும் அக்ரிலிக்கிலும் நேராகவே அடிக்கும்; முதலாண்டில் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

டெல்லியின் பருவமும் கணக்கில் வரும். ஜனவரிக் குளிரில் மை கெட்டியாகும். மே மாதத்து வறண்ட காற்றில் நாசில் காயும், புழுதி வேறு. சந்தைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, மெஷினுக்குக் கிடையாது. தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் வசதியுள்ள மெஷினை மெயின் சுவிட்சில் அணைத்துவிட்டுப் போனால், செவ்வாயன்று கோடு கோடாக அடிக்கும். ஹெட்டின் விலை மெஷின் விலையில் கணிசமான பங்கு. எர்த்திங் சரியில்லாத கடையில் அது போய்விட்டால் வாரண்டி பேசிப் பயனிருக்காது.

டெமோவுக்குப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் கிளிப்படத்தை அடிக்க விடாதீர்கள். உங்கள் கோப்பையும் நீங்கள் வாங்கும் வினைலையும் கொண்டுபோங்கள். கோப்பில் வெளிர் சாம்பல் பட்டை ஒன்று, ஒரு முகம், பொடி எழுத்தில் நாலு வரி இருக்கட்டும். ஹெட்டின் கோளாறு சாம்பலில்தான் முதலில் தெரியும். அடித்ததை நகத்தால் கீறிப் பாருங்கள்.

சரோஜினி நகர் விநாயகர் கோயில் விழாவுக்குத் தமிழ் பேனர் கேட்டும் ஆள் வருவார். எழுத்தைக் கோரல்டிராவில் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றாமல் வேறு கம்ப்யூட்டருக்கு அனுப்பினால், ஒற்றைக்கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று பிரிந்து நிற்கும். பிரிண்ட் போடுகிற பையனுக்குத் தமிழ் தெரியாது. அவன் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.