பந்தை எண்ணுங்கள்

ஏப்ரல் பிறந்தால் பூந்தமல்லி, நசரத்பேட்டை, திருமழிசை, செம்பரம்பாக்கம் பக்கத்துச் சாலைகளில் காலை ஆறு மணிக்கு முன்பே ஸ்கூட்டர்கள் கிளம்பிவிடுகின்றன. முன்னால் அப்பா அல்லது அம்மா, பின்னால் பிள்ளை, பிள்ளையின் முதுகில் அதன் உயரத்தில் பாதி இருக்கும் கிட் பேக். கோடைப் பயிற்சி முகாம், பள்ளி அணி, அப்புறம் மாவட்ட அணித் தேர்வு என்று அடுத்த சில மாதங்களுக்கு வீட்டின் பேச்சே அதுதான். செம்பரம்பாக்கம் கிராமம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஏரியைச் சுற்றிக்கொண்டு குன்றத்தூர் பக்கம் போனால் காஞ்சிபுரம் மாவட்டம். ஒரே ஏரியைப் பார்த்து வளரும் இரண்டு பிள்ளைகள் இரண்டு வெவ்வேறு மாவட்டச் சங்கங்களின் தேர்வுக்குப் போய் நிற்பார்கள்.

பெற்றோர் விசாரிப்பது பெரும்பாலும் மூன்றே விஷயங்கள். எந்த அகாடமி நல்லது? எந்த மட்டை வாங்கலாம்? செலக்‌ஷன் எப்போது? ஒரு வாரத்தில் பிள்ளை எத்தனை பந்து போடுகிறது என்று கேட்கிறவர்கள் குறைவு. வேகப்பந்து வீசும் பிள்ளையின் வீட்டில் முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

இந்தக் கேள்வியின் அருமையை அறிய வெகுதூரம் போக வேண்டாம். செம்பரம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வழியாகச் சென்னைக்குப் போகும் வழியிலேயே போரூர் வருகிறது. அங்குள்ள ஸ்ரீ ராமச்சந்திரா வளாகத்தின் விளையாட்டு அறிவியல் மையம், பந்துவீச்சு முறையைச் சோதிக்க சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் அங்கீகரித்த இடங்களில் ஒன்று. பாகிஸ்தானின் சயீத் அஜ்மலுக்கு 2015இல் இங்கேதான் சோதனை நடந்தது. 2016 டி20 உலகக் கோப்பையின் நடுவில் வங்கதேசத்தின் தஸ்கின் அகமது இங்கே வந்து பந்து போட்டார். வீச்சாளரின் தோள், முழங்கை, மணிக்கட்டில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகளை ஒட்டுகிறார்கள். அதிவேக கேமராக்கள் சுற்றிலும் நின்று அவற்றின் ஒவ்வொரு அசைவையும் பதிவு செய்கின்றன. மேல்கை தரைக்கு இணையாக வரும் நொடியிலிருந்து பந்து கையை விடும் நொடிவரை முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்று கணக்கிடுகிறார்கள். 15 டிகிரிக்கு மேல் போனால் அது எறிதல். உலகத் தரத்தில் விளையாடுகிற ஒருவரின் கையை இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் ஊரில், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஓவரை எண்ணுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதைக்கூட நாம் செய்வதில்லை.

எண்ணுவதை ஒரு பண்பாடாகவே ஆக்கியவர்கள் பேஸ்பால்காரர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1939இல் தொடங்கிய லிட்டில் லீக், சிறுவர் பேஸ்பாலின் மிகப் பெரிய அமைப்பு. பந்தெறியும் பிள்ளை ஒரு நாளில் இத்தனை முறைதான் எறியலாம் என்ற வரம்பை அது 2007இல் கொண்டுவந்தது. பின்னர் 2014இல் மேஜர் லீக் பேஸ்பாலும் அந்நாட்டின் தேசிய அமைப்பும் சேர்ந்து வயதுவாரியாக ஒரு பட்டியல் வெளியிட்டன. 9, 10 வயதுக்கு நாளொன்றுக்கு 75 எறி. 11, 12 வயதுக்கு 85. 13, 14 வயதுக்கு 95. அதோடு முடியவில்லை. 14 வயது வரையுள்ள பிள்ளை ஒரே நாளில் 66 எறியோ அதற்கு மேலோ போட்டிருந்தால் அடுத்த நான்கு நாள் ஆட்டத்தில் எறியக் கூடாது. ஆண்டில் நான்கு மாதமாவது தோளுக்கு மேல் கையைத் தூக்கி எறியும் வேலையே வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? அலபாமா மாநிலத்தில் உள்ள விளையாட்டு மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்று 2006இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு வந்த பதின்பருவ வீரர்களையும் காயமே படாதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் எறிந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை வாய்ப்பு ஐந்து மடங்கு. கை ஓய்ந்த பிறகும் வழக்கமாக எறிந்துகொண்டே இருந்தவர்களுக்கு 36 மடங்கு! "இன்னும் ரெண்டு ஓவர் போடுடா, முடியும்" என்று நெட்ஸ் ஓரத்தில் நின்று உற்சாகப்படுத்துகிற எல்லா அப்பாக்களும் இந்த 36ஐ மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிரிக்கெட்டிலும் இப்படிக் கணக்கு உண்டு. இங்கிலாந்து வாரியம் நெடுங்காலமாகக் கடைப்பிடித்த விதிப்படி, 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளர் ஒரே ஸ்பெல்லில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் மட்டுமே போடலாம். 14, 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது 6, 12. இப்போது நம் நெட்ஸுக்கு வாருங்கள். நிமிடத்துக்கு ஒரு பந்து என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்தில் 60 பந்து, அதாவது 10 ஓவர். ஒரு நாளின் முழு அளவு காலை ஏழரைக்குள் தீர்ந்துவிடுகிறது. மாலையில் பள்ளி அணிப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை தெருவில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட். அகாடமி கோச்சுக்குப் பள்ளியில் போட்டது தெரியாது, பள்ளி பி.இ.டி. சாருக்கு அகாடமியில் போட்டது தெரியாது, டென்னிஸ் பந்தை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை. மூன்றையும் அறிந்த ஒரே ஆள் வீட்டில்தான் இருக்கிறார். ஆகவே நோட்டுப் புத்தகம் வீட்டில்தான் இருக்க வேண்டும்: தேதி, எங்கே போட்டான், எத்தனை பந்து, எங்காவது வலித்ததா. நான்கே பத்தி. எல்லையிலிருந்து கீப்பருக்கு எறிகிற நீண்ட எறிகளையும் உத்தேசமாகக் குறித்துக்கொள்வது நல்லது.

வளரும் எலும்பு பெரியவர்களின் எலும்பு போன்றதல்ல. அதன் முனையில் வளர்ச்சி நடக்கும் குருத்தெலும்புப் பட்டை இருக்கிறது. தசைநார் இழுக்கும்போது முதலில் நோவது அந்த இடம்தான். பிள்ளை சட்டென்று உயரும் காலத்தில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் 13, 14 வயதில் இது நடக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே. குதிகால் வலி, முழங்காலுக்குக் கீழே புடைப்பு, வீசும் கையின் முழங்கை உட்புறம் நோவு எல்லாம் அப்போது தலைகாட்டும். மாதம் ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரம் குறியுங்கள். கோடு வேகமாக ஏறுகிற மாதங்களில் ஓவரைக் குறையுங்கள். இந்திய கிரிக்கெட் வாரியமே பிறப்புச் சான்றிதழை மட்டும் நம்புவதில்லை. 16 வயதுக்குட்பட்ட ஆட்டங்களுக்கு இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு பிள்ளைகளின் எலும்புகள் ஒரே வயதில் இருப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

மிகவும் அஞ்ச வேண்டியது கீழ் முதுகு. வலது கை வேகப்பந்து வீச்சாளருக்குப் பெரும்பாலும் இடது பக்கம் வலிக்கும். பின்னால் வளைந்தால் கூடும். முதுகெலும்பில் நூலிழை போல் விழும் அழுத்த முறிவின் முதல் அறிகுறி அதுவாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். தைலம் தேய்த்து, மறுநாள் பந்து போட அனுப்பிவிடுகிறோம். இந்திய அணியின் லட்சுமிபதி பாலாஜி இதே முதுகு முறிவால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளை இழந்தார். முழு வளர்ச்சி அடைந்த உடம்புக்கே அந்தக் கதி.

சீக்கிரம் தொடங்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்ற பயம்தான் இத்தனைக்கும் மூலம். தமிழ்நாட்டு வீரர்களின் கதையைப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு ஆதாரமே இல்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் 20 வயது வரை டென்னிஸ் பந்தில்தான் ஆடினார். 2015இல் ரஞ்சியில் அறிமுகமானதும் அவர் பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கு உள்ளாகி, அதை முதலிலிருந்து திருத்தி அமைத்தார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்கு ஆடினார். வருண் சக்கரவர்த்தி 17 வயது வரை விக்கெட் கீப்பர். பிறகு கட்டடக்கலை படித்தார், திரும்பி வந்து வேகப்பந்து வீசினார், முழங்காலில் அடிபட்ட பிறகே சுழற்பந்துக்கு மாறினார். டெஸ்டில் 537 விக்கெட் எடுத்த அஸ்வின், சிறுவயதில் தொடக்க ஆட்டக்காரர். 14 வயதில் இடுப்புப் பகுதியில் பட்ட காயத்துக்குப் பிறகுதான் ஆஃப் ஸ்பின் பக்கம் போனார். பன்னிரண்டு வயதில் "இவன் ஃபாஸ்ட் பவுலர்" என்று முத்திரை குத்துவது எவ்வளவு அவசரம்!

கிட் விஷயம் சுலபம். வளர்ந்தாலும் உதவும் என்று பெரிய மட்டை வாங்காதீர்கள். கைப்பிடியின் மேற்பக்கத்தைப் பிடிக்கும் கையால் மட்டும் முன்னால் நீட்டிப் பிடித்துச் சற்று நேரம் ஆடாமல் வைத்திருக்க முடிந்தால் அந்த எடை சரி. 13 வயதுக்குட்பட்டோருக்கு எடை குறைந்த லெதர் பந்து உண்டு. வளர்ந்த ஆண்களின் பந்து 156 கிராமுக்குக் குறையாது, சிறுவர் பந்து 144ஐத் தாண்டாது. ஹெல்மெட்டில் மட்டும் விலை பார்க்க வேண்டாம். அக்னி நட்சத்திர நாட்களில் எட்டரைக்குள் பயிற்சி முடியட்டும். உப்புப் போட்ட நீர்மோர், வாழைப்பழம், முட்டை, வேர்க்கடலை போதும். புரோட்டீன் பவுடருக்கு இந்த வயதில் வேலையில்லை.

ஓய்வுக்குத் திரும்புவோம். வாரத்தில் ஓரிரு நாள், ஆண்டில் மொத்தம் மூன்று மாதம் அந்த ஒரு விளையாட்டிலிருந்து விலகியிருக்கட்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம். நமக்கு வடகிழக்குப் பருவமழை அந்த இடைவெளியைத் தானாகவே தருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மைதானம் சேறாகக் கிடக்கும். அந்த நேரத்தில் சிமென்ட் தரையில் விரிப்புப் போட்ட உள்ளரங்கு நெட்ஸைத் தேடிப் போவதுதான் வழக்கமாகிவிட்டது. கடினமான தரை, அதே வலி, அதே எண்ணாத பந்துகள். அதற்குப் பதிலாகக் கபடி, பூப்பந்து, நீச்சல்குளம் என்று உடம்பு வேறு வழியில் அசையட்டும். இடுப்பு, தொடை, வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சியை வீட்டுக் கூடத்திலேயே செய்யலாம்.

ஜனவரியில் தரை காய்ந்ததும் முதல் நாளே முழு ஓட்டம் வேண்டாம். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பாதி ஓட்டத்தில் மூன்று ஓவர். அடுத்த வாரம் நான்கு. முழு வேகம் மாதக் கடைசிக்குள் வந்தால் போதும். இடையில் கீழ் முதுகு நொந்தால் அன்றே பந்தை வைத்துவிட்டு, இரண்டு வாரத்தில் தீராவிட்டால் விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கு அதில்தான் பதில் இருக்கிறது.