சனிக்குள் உராய்வது எது?

ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக இருபது முறை வேகமாக வளையுங்கள். வளைந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதல்லவா? உங்கள் கை செலவிட்ட ஆற்றல், கம்பிக்குள் நிகழ்ந்த உராய்வால் வெப்பமாகிவிட்டது.

கோள்களை இவ்வாறு வளைப்பது ஓதம். நிலவின் ஈர்ப்பால் நம் கடல் புடைத்தெழுவதை அறிவீர்கள். அதுபோல, டைட்டன் என்னும் துணைக்கோளின் ஈர்ப்பால் சனிக் கோளின் உடலே சற்றுப் புடைக்கிறது. சனி சுமார் பத்தரை மணி நேரத்தில் தன்னைத்தானே சுற்றிவிடுவதால், அதன் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ ஐந்தரை மணிக்கு ஒருமுறை புடைத்துத் தணிகிறது.

உள்ளே உராய்வு இருந்தால் புடைப்பு தணியத் தாமதமாகும். அதற்குள் சனியின் சுழற்சி அதை டைட்டனுக்குச் சற்று முன்னே கொண்டுபோய்விடும். முன்னே நிற்கும் புடைப்பு டைட்டனை முன்னோக்கி இழுக்கும். டைட்டன் ஆற்றல் பெற்று மெல்ல விலகிச் செல்லும்.

பெரும்பகுதி பாய்மமாக உள்ள கோளில் உராய்வு ஏது? கொதிக்கும் உலைநீரைப் பாருங்கள். சூடான நீர் மேலேற, குளிர்ந்த நீர் கீழிறங்குகிறது. இதுவே வெப்பச்சலனம். சனிக்குள்ளும் இது நிகழ்கிறது. மேலும் கீழும் செல்லும் திரள்கள், ஓர் அடுக்கின் இயக்கத்தை மற்றோர் அடுக்குக்குச் சுமக்கும் தோணிகள் போன்றவை. இதனால் உராய்வு உண்டாகும் என்று 1966-இல் பிரெஞ்சு அறிஞர் ழான்-பால் சான் விண்மீன்களைப் பற்றி விளக்கினார்.

ஆனால் ஒரு சிக்கல்! ஒரு திரள் தன் பயணத்தை முடிக்க மாதங்கள், ஏன், ஆண்டுகள்கூட ஆகலாம். ஓதமோ ஓராண்டில் சுமார் 1,600 முறை ஏறி இறங்கிவிடும். தோணி மறுகரை சேருமுன் சரக்கை ஏற்றியும் இறக்கியும் கொண்டிருந்தால், கரைக்கு எது போய்ச் சேரும்? ஆகவே இவ்வுராய்வு மிகச் சிறியதே என்று 1977-இல் கோல்ட்ரைக்கும் நிக்கல்சனும் வியாழனுக்குக் கணக்கிட்டுக் காட்டினர்.

2020-இல் ஒரு வியப்பு காத்திருந்தது. காசினி விண்கலத்தின் அளவீடுகளை ஆராய்ந்த வலேரி லெய்னி குழுவினர், டைட்டன் ஆண்டுக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் விலகுவதாக அறிவித்தனர். இது எதிர்பார்த்ததைப்போல் நூறு மடங்கு!

ஊஞ்சலை அதன் தாளமறிந்து தள்ளினால், சிறு விசையும் பேராட்டம் தரும். அதுபோல ஓதத்தின் தாளம் சனியின் இயற்கை அதிர்வு ஒன்றோடு ஒத்துப்போனால், ஆற்றல் இழப்பு பன்மடங்காகும். 2016-இலேயே ஜிம் ஃபுல்லர் குழுவினர் இதைக் கூறியிருந்தனர்.

இந்த 11 சென்டிமீட்டரை ஏற்காத கணக்குகளும் உண்டு. அது சரியென்றால், இன்று சனியிலிருந்து 12 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சுற்றும் டைட்டன், பிறந்தபோது அதற்கு மிக அருகில் இருந்திருக்க வேண்டும்.